ஸ்கீவ அன்ரியின் மிஸ்ட் கோல்

டேனிஷ் நகரமான வைலேயில் அம்மா நடத்திய துப்புரவுக் கொம்பனியில் நான்கு பெண்கள், ஒரு பழைய வான், கூப்பிடாமலே வந்து ஆலோசனை சொல்லும் ஒரு சித்தப்பா. வேலைக்கு ஆள் எடுக்க அம்மா விண்ணப்பம் கேட்டதில்லை. வீட்டுக்கு வரச்சொல்லித் தேநீர் கொடுப்பார்; குடித்த கோப்பையை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பார். விசயம் தெரிந்தவர்கள் ஓடிப்போய்க் கழுவி வைத்தார்கள். ஸ்கீவ அன்ரி மட்டும் கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு, “முதல் வேலையைத் தாங்கோ, பிறகு கழுவுறன்” என்றார். அம்மா சிரித்து, அடுத்த நாளே வரச்சொல்லிவிட்டார். அகதியாக வந்தபோது முதலில் ஸ்கீவ என்ற ஊரில் இருந்ததால் அன்ரிக்கு அந்தப் பெயர்.

விடிய வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது ஒவ்வொருவரும் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும். மணி ஒருமுறை அடித்து நின்றால் ஆள் புறப்பட்டாயிற்று. எடுக்கக் கூடாது. இலக்கத்தைப் பார்த்து யாரென்று கத்துவது என் வேலை. வியாபாரம் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் நிர்வாகம் அப்படித்தான் நடந்தது.

ஊரில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தத்தில் அன்ரியின் மணி நின்றுபோனது. அவருடைய ஒரே தங்கை வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று அன்ரி தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். தானும் யாருக்கும் அடிக்கமாட்டார், மற்றவர்களும் அவருக்கு அடிக்கக் கூடாது. லைன் தங்கைக்கு மட்டும். அம்மா சாப்பாட்டுப் பையைக் கதவுப்பிடியில் கொழுவிவிட்டு வருவார். மறுநாள் வெறும் பெட்டி அங்கே தொங்கினால் அன்ரி சாப்பிட்டிருக்கிறார் என்று ஆறுதல்படுவோம்.

அன்ரி துப்புரவு செய்துவந்த அலுவலகத்தையும் அம்மாவே துடைத்தார். தன் இடத்தை முடித்துவிட்டு அங்கே ஓடுவதற்குள் ஊழியர்கள் வந்துவிடுவார்கள். தரை ஈரமாக இருக்கும். அதன் மேலாளர், நிரந்தரமாக வேறு ஆளைப் போடாவிட்டால் வேறு கொம்பனி பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். எங்களுக்குச் சோறு போட்டதே அந்த அலுவலகம்தான்.

“வியாபாரத்துக்குள்ள பாசத்தைக் கொண்டுவராதேங்கோ அண்ணி. நாளைக்கே நான் ஆள் கொண்டுவாறன்” என்றார் சித்தப்பா.

“ஆளுக்குக் குறைவில்லை தம்பி. அவ திரும்பி வரேக்க இடம் இருக்கோணும்.”

மேலாளரிடமும் அம்மா அதையேதான் சொன்னார். அந்த இடம் காலியில்லை, அதற்கு ஆள் இருக்கிறார், இப்போது வரமுடியாது, தரை இனி நேரத்துக்குக் காயும், அதற்கு மேல் உங்கள் விருப்பம். வழக்கமாக நொண்டும் அம்மாவின் டேனிஷ் அன்று நொண்டவில்லை. மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறேன் என்றார்.

அதன்பிறகு அம்மா இன்னும் முந்தி எழும்பினார். என்னைத் தனியே விடமுடியாமல் கூட்டிக்கொண்டு போனார். குப்பைக்கூடைகளில் பை மாற்றி மாற்றி எனக்கு வெறுத்துவிட்டது. ஏன் வேறு ஆளை எடுக்கக் கூடாது என்று ஒருநாள் டேனிஷில் கத்தினேன்.

“உனக்குச் சுகமில்லையெண்டா நான் வேற பிள்ளை எடுக்கிறதோ?” என்று அம்மா தமிழில் கேட்டார். நான் அடுத்த கூடைக்குப் பை மாற்றப் போனேன்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லிச் சில நாட்கள் கழிந்திருக்கும். நாங்கள் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒருமுறை அடித்து நின்றது. ஓடிப்போய் இலக்கத்தைப் பார்த்தேன்.

“ஸ்கீவ அன்ரி! அன்ரி வாறா!”

நான் துள்ளினேன். சித்தப்பா தோற்றார், மேலாளர் தோற்றார், அம்மா வென்றுவிட்டார். நாளையிலிருந்து நானும் நன்றாக நித்திரை கொள்ளலாம். அம்மாவோ ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்து நான் அவருடைய மற்றச் சப்பாத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

தங்கைக்கென்று காத்து வைத்திருந்த லைனில் அன்ரி எங்களுக்கு அடித்தார் என்றால், இனி அதில் யாரும் வரப்போவதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.