அப்பாவத் தேடி நான் போட்ட வீடியோ

ஆளுங்களச் சிரிக்க வைக்கிறதுல நான் கெட்டிக்காரி. இத அடுத்தவங்க சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்கிற பழக்கம் எனக்கில்ல. மாத்தளை டவுன்ல ஒரு புடவைக் கடையில வேலை. ஓஞ்ச நேரத்துல ஃபோன்ல வீடியோ எடுத்துப் போடுவேன். மாமியாரா, பஸ் கண்டக்டரா, எந்த வேஷமும் எனக்குப் பொருந்தும். பாக்குற சனமும் ஏராளம்.

ஒரு நாள் காலையில எங்க அப்பாவக் காணோம். ரிவர்ஸ்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல கங்காணியா இருந்தவரு, இப்ப எங்களோட டவுன்ல இருக்காரு. கொஞ்ச நாளா ஞாபகம் கொழம்பிருச்சு. என் பேரே அவருக்கு வந்து வந்து போகும். தெனமும் விடிஞ்சதும் முத்தத்துல நின்னு, தோட்டத்துல வேலைக்கு ஆள் பிரிக்கிற மாதிரி பெரட்டுக் கூப்பிடுவாரு. அன்னைக்குச் சத்தத்தையே காணோம், கேட் தொறந்து கெடந்துச்சு.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்ட், கோயில்னு தேடி ஓடினாரு. பொலிஸ்லயும் சொன்னோம். நான் ஃபேஸ்புக்ல ஃபோட்டோ போட்டு, "என் அப்பாவக் காணல, கண்டா சொல்லுங்க"ன்னு எழுதினேன்.

வந்துச்சு பாருங்க பதில்! ஒரே சிரிப்புப் பொம்மை. "அக்கா, அடுத்த பாகம் எப்ப?" "அப்பா யாரோட ஓடிட்டாரு?" வந்த ஆத்திரத்துல ஃபோனத் தூக்கி வீசப் பாத்தேன். ஆனா அவங்களயும் குத்தம் சொல்ல ஏலாது. அங்க எல்லாம் அச்சாறு மாதிரி ஒன்னாத்தான் கெடக்கு. ஒரு பிள்ளைக்கு மொதப் பல்லு, அதுக்குக் கீழ மரண அறிவித்தல், அதுக்கும் கீழ சட்டிக்குள்ள தூங்குற பூனை. நடுவுல என் பேரக் கண்டதும் கை தானா சிரிப்புக்குப் போகுது. நான் பழக்கின பழக்கம்.

வெயில் ஏறிக்கிட்டே போச்சு. மனுஷன் ஒரு வாய் தண்ணி குடிச்சாரோ என்னவோ. அழுது வீடியோ போட்டா அதுக்கும் சிரிப்பாங்க. சரி, சிரிங்கடான்னு முடிவு பண்ணினேன். அப்பாவோட சாரத்தக் கட்டி, தொப்பியப் போட்டு, மையால மீச வரஞ்சேன். அவர மாதிரியே இடது கால இழுத்து நடந்தேன். "கொழுந்துக்காரங்க இங்கிட்டு! கவ்வாத்துக்காரங்க அங்கிட்டு!"ன்னு கத்தினேன். கடைசியில, தமிழ்ல ஒருக்கா, சிங்களத்துல ஒருக்கா சொன்னேன்: "இப்படி ஒருத்தரக் கண்டா சிரிச்சிட்டுப் போயிடாதீங்க. உக்கார வச்சு இந்த நம்பருக்குச் சொல்லுங்க. நெசமாவே என் அப்பா."

நான் நடிச்சதுலயே நல்லா நடிச்சது அதுதான். ரெண்டு மணித்தியாலத்துல ஊரெல்லாம் பரவிருச்சு. தம்புள்ள ரோட்டுல, நாலந்தாவுல தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிற ஒரு முஸ்லிம் நானா கூப்பிட்டாரு. "தங்கச்சி, பயப்படாதீங்க. ஒங்கட வாப்பா எங்கட கடையிலதான் இருக்காரு." தோட்டத்துப் பக்கம் போற ரத்தோட்டை பஸ்னு நெனச்சு தம்புள்ள பஸ்ல ஏறியிருக்காரு.

பாதி மீசையோடயே ஓடினேன். அப்பா பெஞ்சில உக்காந்து, நானாவோட ஃபோன்ல என் வீடியோவத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. வயிறு குலுங்கச் சிரிச்சாரு. பக்கத்துல போய் உக்காந்து கையப் புடிச்சேன். எனக்கும் காட்டினாரு.

"பெரட்டுக் கூப்பிடுற அழகப் பாரும்மா. யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்."

"நீங்க பெத்த புள்ளதான்ப்பா."

அப்பா என்ன ஏற எறங்கப் பாத்தாரு. "சும்மா வெளாடாதம்மா"ன்னு சொல்லிட்டு, திரும்பவும் ஃபோனப் பாத்துச் சிரிச்சாரு.