மிளகாய்க்குப் பதில் மிளகு

பனியன் தைப்பதற்கும் சரித்திர நாவல் எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று உண்மையாகவே நம்பியவர் எங்கள் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. திருப்பூரில் பத்துத் தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திவந்தார். கரண்ட் போனால் மெஷின்கள் நிற்கும், மாமா பேனாவைத் திறந்துவிடுவார். அந்த வருடங்களில் மின்வெட்டுக்குக் குறைவே இல்லை என்பதால் கொங்கு நாட்டுச் சரித்திரம் மளமளவென்று வளர்ந்தது. நாலு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இல்லாத நாளில் ஒரு போரே தொடங்கி முடிந்துவிடும் என்று அத்தை சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வீடு சோமனூரில் இருந்தது. கோடை விடுமுறை விட்டதும் என்னை மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம், மாமாவின் நாவல் ஒரு மாத இதழில் இரண்டு வருடம் தொடராக வந்து முடிந்திருந்தது. கதை ஒரு குறுநில மன்னனைப் பற்றியது. ஆனால் மன்னனை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் பிடித்தது செம்பன் என்ற குதிரைக்காரன் மகனைத்தான். படையோடு வடக்கே போனவன் அவன். கடைசி அத்தியாயத்தில், படை திரும்பி வரும் நாளில், அவனுடைய அம்மா விருந்துக்காக அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பாள். ஒரு வீரன் வந்து செம்பனின் கைக்காப்பை மட்டும் அம்மிக்குப் பக்கத்தில் வைப்பான். அதோடு கதை முற்றும். அத்தையும் நானும் அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். மாமாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

செல்போன் வந்துவிட்ட காலம்தான் அது. ஆனாலும் அந்த இதழைப் படிப்பவர்கள் கடிதம் எழுதுகிறவர்களாகவே இருந்தார்கள். அரண்மனையில் எத்தனை யானை இருந்தது, இளவரசியின் தாய் எந்த ஊர்க்காரி என்றெல்லாம் கேள்விகள் வரும். குறைகளும் வரும். வேறு எழுத்தாளராக இருந்தால் கல்வெட்டு, செப்பேடு என்று பதில் சொல்லியிருப்பார். மாமா பனியன்காரர்.

“சரக்கு வாங்கற பையர் கம்ப்ளைன்ட் சொன்னா எதுத்துப் பேசக்கூடாது அம்மிணி. பீஸை மாத்திக் குடுத்துரோணும்” என்பார்.

அதன்படியே செய்தார். இரண்டாவது ராணிக்கு வேலையே இல்லை என்று குறைப்பட்டவருக்கு, அந்த ராணி வாளெடுத்து இரண்டு பேரை வெட்டும் பக்கம் ஒன்று போனது. பட்டத்துக் குதிரை செத்திருக்கக் கூடாது என்றவருக்குக் குதிரை பிழைத்துக்கொண்டது. இதழில் வந்தது ஊருக்கெல்லாம் பொது, மாற்றிக் கொடுத்த தாள் கேட்டவருக்கு மட்டும். கூடவே கடிதம் எதுவும் வைக்க மாட்டார். தாள்தான் பதில். மாமாவின் கையெழுத்து சில நேரம் அவருக்கே புரியாது என்பதால் நான்தான் பிரதி எடுப்பேன். உறைமேல் விலாசம் எழுதுவதும் ஒட்டுவதும்கூட என் வேலை. அந்தப் பொறுப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று உடுமலைப்பேட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் எழுதியது. நாலு பக்கம். மிளகாய் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்ததே அந்த மன்னன் காலத்துக்குப் பல நூறு வருடங்களுக்குப் பிறகுதான், செம்பனின் தாய் அதை எப்படி அம்மியில் வைத்து அரைத்தாள் என்று மாமாவை வறுத்தெடுத்திருந்தார். இன்னொன்று மூலனூரிலிருந்து, ஒரு அம்மா நோட்டுத் தாளில் எழுதியது.

“அந்தச் செம்பனை எப்படியாச்சும் ஊடு வந்து சேர வெச்சுருங்க. எம்பட பையன் ரிக்கு வண்டிக்குப் போயி ஏழு வருசமாச்சுங்க. இன்னும் வருலீங்க.”

அவ்வளவுதான் கடிதம். போர்வெல் போடும் ரிக் லாரிகளில் எங்கள் பக்கத்துப் பையன்கள் வடநாட்டுக்கு வேலைக்குப் போவது வழக்கம். போன இடத்தில் அவன் என்ன ஆனான் என்று அந்த அம்மாவுக்கே தெரிந்திருக்கவில்லை. மாமா அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு, “இது நாயமான கம்ப்ளைன்ட்டு” என்றார்.

அன்று மத்தியானம் கரண்ட் போனதும் வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் எழுத உட்கார்ந்தார். வாத்தியாருக்கான தாள் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கடைசி அத்தியாயம் அப்படியே இருக்க, மிளகாய் வந்த இடத்தில் எல்லாம் மிளகு. மூலனூர் அம்மாவுக்கான தாளில் மிளகாய் மிளகாயாகவே இருந்தது, ஆனால் கைக்காப்போடு யாரும் வரவில்லை. செம்பனே வந்தான். உடம்பெல்லாம் புழுதியாக வாசலில் நின்றான். அம்மா கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து அவன் முகத்தைத் தடவ, மிளகாய் எரிச்சலில் அவன் கண்ணீர் விட்டுக்கொண்டே சிரித்தான். பிரதி எடுக்கும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்றைக்குவரை மாமா எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

கடைசி வரியை எழுதி முடிக்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. மாமா மெஷின்களைப் பார்க்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு ஓடினார். எனக்கு டிவியில் கார்ட்டூன் போட்டுவிடுவார்களே என்று அவசரம். இரண்டு தாளையும் இரண்டு உறையில் திணித்து, ஒட்டி, அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். எந்தத் தாள் எந்த உறைக்குள் போனது என்று பார்க்கவில்லை.

மூன்று நான்கு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கம்பெனியிலேயே வாசகர் சந்திப்பு வைத்தார் மாமா. துணி சரிபார்க்கும் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். பதினெட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் எங்கள் டெய்லர்கள், போண்டாவுக்காக வந்தவர்கள். முதல் கேள்வியை அவர்களில் ஒருவர்தான் கேட்டார்.

“ஏனுங்க மொதலாளி, பனியன் கம்பெனி வெச்சுக்கிட்டு, மேலுக்கு ஒன்னுமே போடாத ராசாவைப் பத்தி எழுதியிருக்கறீங்களே, இது நம்ம தொழிலுக்கு ஆவுமுங்களா?”

கூடம் சிரித்து அடங்கியது. மாமா உற்சாகமாகி, வாள், கோட்டை, வரி என்று வந்த கேள்விகளுக்கெல்லாம் பொளந்து கட்டினார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். வெளுத்த நூல்சேலை, கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். மூலனூரிலிருந்து வருவதாகச் சொன்னதும் மாமாவின் முகம் மலர்ந்தது. மகனைத் திருப்பிக் கொடுத்தவரைப் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

“நீங்க அனுப்புன தாள் வந்துச்சுங்க. பொஸ்தகத்தையும் அதையும் பக்கத்துல வெச்சு வரிவரியாப் பாத்தனுங்க. மொளகாய மாத்தி மொளகுன்னு போட்டிருந்தீங்க. பையனை மட்டும் அப்படியே உட்டுட்டீங்க.”

உறைகளை மாற்றி ஒட்டியிருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மொத நாளு உங்க மேல கோவமாத்தானுங்க இருந்துச்சு. அப்பறம் ரோசனை பண்ணிப் பாத்தனுங்க. மாத்தறதுக்கு ஆவறத இவரு மாத்தியிருக்கறாரு, ஆவாதத எப்படி மாத்துவாருன்னு தோணுச்சு. அவனுக்குக் காரியத்தப் பண்ணீருன்னு ஊர்ல சொல்லாத ஆளில்லீங்க. நாங் கேக்குலீங்க. போன அமாவாசைக்கு பவானிக்குப் போயி எம் பையனுக்குத் திதி குடுத்துட்டனுங்க. அன்னைக்குத்தானுங்க நல்லாத் தூங்குனேன். அதைச் சொல்லலாம்னுதான் வந்தேன். கேள்வி ஒன்னும் இல்லீங்க.”

மாமா “நல்லதுங்கம்மா” என்று கைகூப்பினார். அதற்குள் முன்வரிசையில் குடையும் ஃபைலுமாக உட்கார்ந்திருந்த உடுமலை வாத்தியார் எழுந்துவிட்டார். கையில் என் எழுத்தில் இருந்த தாளை உயர்த்திப் பிடித்திருந்தார்.

“எனக்கு வந்த தாள்ல பெரிய குளறுபடிங்க. மொளகாயும் மாறுல. அதுவுமில்லாம அந்தச் செம்ப…”

மாமா அப்படித் தாவி நான் பார்த்ததே இல்லை. ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டுக்கொண்டு போய் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், தப்பு என்னுதுதானுங்க. முழுசும் என்னுதுங்க. மொளகாய் அப்ப நம்ம நாட்டுலயே கிடையாதுங்க. நீங்க சொன்னதுதான் சரி.”

சொல்லிக்கொண்டே தாளை உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பதினெட்டுப் பேர் முன்னால் வென்றுவிட்ட பூரிப்பில் வாத்தியார் கேட்க வந்ததை மறந்து உட்கார்ந்தார். மாமா உடனே காப்பி கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

புறப்படும்போது அந்த அம்மா என்னிடம் வந்தார்.

“நீதான் எழுதுனயா கண்ணு? எழுத்து ரொம்ப அழகா இருக்குது” என்று என் கன்னத்தைத் தொட்டார்.

திட்டு வாங்கப் போகிறோம் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு போண்டா தின்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் மாமா ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். “உறை மாறுன விசயத்த ஆருகிட்டயும் சொல்லாத அம்மிணி. உங்கம்மாகிட்டக்கூட.” நான் அவர் முதுகை இறுகக் கட்டிக்கொண்டேன். உலகத்திலேயே நல்ல மாமா எனக்குத்தான் வாய்த்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் யாருக்கும் தாள் மாற்றிக் கொடுக்கவில்லை. எழுதியது எழுதியதுதான் என்று நாலு வரியில் பதில் போட்டுவிடுவார். அடுத்த விடுமுறையில் பிரதி எடுக்க என்னைக் கூப்பிடவுமில்லை. என் கவனக்குறைவுக்குக் கிடைத்த தண்டனை அது என்று நினைத்து, நான் தனியாகப் போய் அழுதிருக்கிறேன்.

போன வருடம் அந்த அம்மா இறந்துவிட்டதாக மாமா போனில் சொன்னார். அவருடைய மகன் கடைசிவரை வரவில்லை. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். சரியான தாள் சரியான உறைக்குள் போயிருந்தால் அந்த அம்மா இன்னும் எத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியாது. என்னைத் திட்டிலிருந்து காப்பாற்றத்தான் மாமா அன்றைக்கு வாயை மூடச் சொன்னார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். மகன் வீடு திரும்பும் தாள் ஒன்று எழுதப்பட்டது என்பது அந்த அம்மாவின் காதுக்குப் போகவே கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொன்னார். என் மகனை முதல் நாள் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, அது தெருமுனை திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.