வஹீத் பாயும் மார்கழித் தண்ணீரும்

திருவல்லிக்கேணியில் என் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த அப்துல் வஹீத் மாதிரி ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற ஒளுவை, மார்கழி விடியலிலும் பள்ளிவாசல் தொட்டியின் பச்சைத் தண்ணீரில்தான் செய்வார். வெந்நீரிலும் செய்யலாம் என்று இமாமே சொல்லியும் கேட்கவில்லை.

1946 மார்கழியில் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து போனது. காய்ச்சல் விட்டதும் வழக்கம்போல் விடியலில் பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். வீடு திரும்பியதும் நடுக்கம், முதுகுவலி. சிறுநீர் சிவப்பாகப் போனது. மனிதர் ஆடிப்போய்விட்டார். ரத்தம் கலந்ததால் உடம்பு அசுத்தமாகிவிட்டது என்று கிணற்றுநீரை இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். அடுத்த முறை கறுப்பாகவே போனது. மறுபடியும் குளித்தார். எத்தனை கழுவினாலும் சுத்தமாகவில்லையே என்று தனியே அழுதிருக்கிறார். மனைவி ஷாகிராவிடம் மூச்சு விடவில்லை.

கண் மஞ்சளாகி, நாலு படி ஏற முடியாமல் போனபோது நான்தான் ஜட்கா வண்டி பிடித்து மயிலாப்பூர் டாக்டர் ராமானுஜத்திடம் இழுத்துப் போனேன். ஷாகிராவும் வந்தார்.

"பாய், நெஜத்தச் சொல்லும். வெளியில தப்புத்தண்டா ஏதாவது உண்டா?" என்றார் டாக்டர். மேகநோய்க்காரர்களுக்கும் இப்படிப் போகுமாம்.

வஹீத் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னாங்க, பேசுங்களேன்! இல்லன்னு சொல்லுங்க!" ஷாகிரா கத்தியே விட்டார். மனைவியை வைத்துக்கொண்டா இதைக் கேட்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரத்தம் சோதித்ததில் மேகநோய் இல்லை. ஆனால் ஷாகிரா அதற்குள் புருஷனோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

"எப்பெப்போ இப்படிப் போறது?" என்று அடுத்த முறை டாக்டர் கேட்டார்.

"விடியக்காலையில ஒளு செஞ்சிட்டு வந்தா. அப்புறம் குளிச்சா."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வஹீதின் ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து ஐஸில் வைத்து, பிறகு வெந்நீரில் வைத்தார். உறைந்த ரத்தத்துக்கு மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்துவிட்டது.

"அந்த ஜுரத்துக்கப்புறம் உம்ம ரத்தமே உம்ம ரத்தத்த அழிக்கறது. குளிர் பட்டா ஆரம்பிச்சுடறது. பச்சத்தண்ணி தொடாதேயும். கம்பளி போத்திண்டு இரும். வேற மருந்து கெடயாது."

"அப்போ நான் கழுவினதெல்லாம்..." என்றார் வஹீத்.

மறுநாள் விடியலில் அவருக்குக் கம்பளி கொடுக்கப் போயிருந்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் தெரிந்துகொண்டிருந்த ஷாகிரா அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கி விளாவி, செம்போடு அவர் முன்னால் நின்றார்.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா, அன்னிக்கே வெந்நீர் வச்சிருப்பேனே" என்றார்.

வஹீத் பாய் இரண்டு கையையும் நீட்டினார்.