நாத்தனாரின் சப்பாத்துக்குள் ஒரு இன்சோல்

1
செல்வராணி அக்கா இரண்டாம் தடவை வந்தபோது, அவருடைய இன்சோலில் வேறு யாருடையவோ கால் தடம் இருந்தது.

அப்போது பதுளையில் நான் பாத சிகிச்சை நிலையம் தொடங்கி எட்டு மாதம். ஒருவர் திரும்பி வரவில்லை என்றால் வலி தீர்ந்துவிட்டது என்றே கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கின்படி நான் பெரிய வெற்றி.

அக்கா நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பல வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வலது பெருவிரலுக்கு அடியில் தோல் தடித்து, உள்ளே கறுத்திருந்தது. உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டேன், மூன்றில்தான் உணர்ந்தார். அது புண்ணானால் ஆறாது, விரலே போகலாம் என்று படம் காட்டி மூச்சுவிடாமல் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க மிஸ்" என்றார். பளபளப்பான கறுப்புச் சப்பாத்து போட்டிருந்தார். ஃபோம் பெட்டியில் பாத அச்சு எடுத்தேன். பஜாரில் சப்பாத்து தைத்த அனுபவமுள்ள எங்கள் டெக்னீஷியன் நஸீர் நானா, அந்தச் சப்பாத்துக்குள் பொருந்துமாறு இன்சோல் தட்டை வெட்டினார்.

2
மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் விரலடியில் கறுப்பு பரவியிருந்தது. இன்சோலில் பதிந்திருந்த விரல் தடமோ அவர் விரலைத் தாண்டி ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு நீண்டிருந்தது.

"அக்கா, இது உங்க கால் தடம் இல்லையே?"

"அது எங்க நாத்தனா தடங்க மிஸ். சப்பாத்து அவளோடது. டொக்டர்கிட்ட வர பிஞ்ச சிலிப்பரோடயா வாறது?"

"அப்ப மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறப்ப?"

"சிலிப்பர்தான். மழைன்னா வெறுங்கால். ஆனா நாத்தனாவுக்கு ரொம்ப சொகமா இருக்காம். கோயிலுக்கெல்லாம் அதத்தான் போட்டுட்டுப் போறா. உங்களுக்கு நல்ல பேருங்க."

நானா இன்சோல் தேய்க்கும் கிரைண்டரை நிறுத்திவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலையே மிஸ். சப்பாத்தப் பாத்துட்டு நல்லதுன்னு சந்தோசப்பட்டீங்க."

உண்மைதான், சந்தோஷப்பட்டேன். அன்றுதான் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, சரிவில் எப்படி நிற்பார் என்று கேட்டேன். எழுந்து காட்டினார். நிறைந்த கூடையோடு ஏறும்போது வலது பெருவிரல்தான் மண்ணில் ஊன்றுகிறது. கறுப்பும் சரியாக அங்கேதான். கொஞ்சநாள் வேலையை விட முடியாதா என்றதற்குக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தக் கால் மலைக்குப் போகலைன்னா வேலை போயிரும் மிஸ். வேலை போனா தோட்டம் குடுத்த லயத்துக் காம்பராவுக்கும் பேச்சு வரும்."

3
தடித்த தோலைச் சீவி எடுத்தேன். பத்து நாள் ஓய்வு கேட்டுத் தோட்ட ஒஃபீஸுக்குக் கடிதம் எழுதினேன். நானா குதிகால் வார் வைத்த ரப்பர் செருப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, பெருவிரலுக்கு அடியில் குழி வெட்டி, தண்ணீர் உறிஞ்சாத ஷீட் ஒட்டினார். அதைப் போட்டு அறைக்குள் நடக்க வைத்துப் பார்க்கவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஈரச் சரிவில் ஏறச் சொன்னோம். அக்கா பாதியில் நின்று வாரை ஒரு துளை இறுக்கினார். பிறகு நிற்காமல் ஏறினார்.

இப்போது அப்பொயின்ட்மென்ட் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறோம்: "வேலைக்குப் போட்டுட்டுப் போறதையும் பையில கொண்டு வாங்க. பிஞ்சிருந்தாலும் பரவாயில்ல." முதல் கால் மணி நேரம் ஃபோம் பெட்டியைத் தொடுவதில்லை, பேச்சு மட்டும்தான். இரண்டு வாரத்தில் நாங்களே ஃபோன் செய்கிறோம், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: திரும்பி வராதவரைக் குணமானவர் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆறு வாரத்தில் அக்காவின் கறுப்பு மறைந்திருந்தது. அன்று அவரோடு அதே லயத்துப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள், மூன்று பேர் பையில் பிய்ந்த சிலிப்பரோடு. கடைசியாக வந்தவர் கையில் பை இல்லை, காலில் அந்தக் கறுப்புச் சப்பாத்து.

"மிஸ், அந்தத் தட்ட மட்டும் கழட்டிறாதீங்க" என்றார் நாத்தனார்.

அது அக்காவின் காலுக்கு வெட்டிய தட்டு, நான் கழற்றினேன். அவர் முகம் வாடுவதற்குள் கேட்டேன்: "நீங்க மலைக்கு என்ன போட்டுட்டுப் போவீங்க?"