விளக்கு வைக்குமுன் திரும்பும் வழிகள்

மெட்டில்டா அக்கா இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை பிற்பகலில், டீ வரும் நேரத்தில் வந்தது. கப்பல் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்க்கும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் அந்த நேரத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. டீயைக் கையில் எடுத்ததும், மறுநாள் எந்தப் பக்கம் வண்டியை விடுவது என்று பேச ஆரம்பிப்போம். எங்களோடு வேலை பார்த்த அக்கா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் அன்று யாரும் பேச்சை எடுக்கவில்லை. இசக்கிமுத்துவின் போன் அடித்தது. துறைமுகத்துக்குள் எங்கள் வேலைகளைப் பார்க்கிறவன் அவன்; போனில் பேசினால் தெருமுனைவரை கேட்கும். அன்று வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வைத்தான். "யக்கா போயிட்டாவ. சிரில் அண்ணாச்சிதான் பேசுனாரு," என்றான். அண்ணாச்சி அக்காவின் கணவர். நான் கையில் இருந்த டீயைக் குடித்து முடித்தேன். அப்போது எப்படி அது தொண்டையில் இறங்கியது என்று இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய வெள்ளை ஆம்னி வண்டியையும் தெரிந்திருக்கும். கடற்காற்றில் ஓரமெல்லாம் துருப்பிடித்து, பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டிய வண்டி. அப்போது கணவர் கப்பலில், மகன் வெளிநாட்டில். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். மில்லர்புரத்தில் நான் ஏறிக்கொள்வேன். முத்தையாபுரத்திலிருந்து வரும் இசக்கி எனக்கு முன்பே ஏறி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், இங்கே ஞாயிற்றுக்கிழமை எங்கேதான் போவீர்கள் என்று நான் அவரிடம் சலித்துக்கொண்டேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், மிச்சமெல்லாம் லாரி. நான் ஏரல் பக்கத்து ஆற்றங்கரைக்காரி. பச்சையைப் பார்க்காமல் கண் காந்தும். அக்கா சிரித்தார். "சின்ன ஊர்ல இருக்கதுல ஒரு வசதி இருக்குளா. கொஞ்சம் போனா ஊரு முடிஞ்சிரும். பெரிய ஊர்க்காரனுக்கு அந்தக் கொடுப்பினை உண்டா?" என்றார். அதற்கடுத்த ஞாயிறு நானும் அந்த வண்டியில் இருந்தேன்.

அவர் வழி தேர்ந்தெடுக்கும் முறை ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. சனிக்கிழமை டீ நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தைச் சொல்லலாம். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அங்க போயி என்ன செய்யப்போறோம்?" கோயில் இருக்கிறது, கருப்பட்டி வாங்கலாம், சித்தி வீடு இருக்கிறது என்று பதில் சொன்னால் அந்த இடம் போச்சு. "அது சோலி. சோலிக்குப் போறதுக்கு பஸ் இருக்கு," என்பார். அங்கே செய்ய ஒன்றுமில்லை என்று எப்போது ஒருவர் ஒப்புக்கொள்கிறாரோ அப்போதுதான் அக்காவின் முகம் மலரும். இன்னொரு விதியும் உண்டு. விளக்கு வைக்குமுன் வீடு திரும்பிவிட வேண்டும். மறுநாள் அலுவலகத்துக்குப் போகத் தெம்பில்லாமல் செய்கிற பயணம் பயணமே இல்லை என்பது அவர் கட்சி. சுற்றுலாவுக்கு என்று நாள்கணக்கில் போய், காய்ச்சலோடு திரும்பும் என் மைத்துனர் குடும்பத்தைப் பற்றி அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை வேம்பார் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். உப்பளங்களில் வெள்ளை அம்பாரங்களின் மேல் கீற்று போட்டு மூடியிருந்தார்கள். வெயில் ஏற ஏற அந்தக் கீற்றெல்லாம் தரையை விட்டு எழும்பி நிற்பது போலத் தோன்றியது. கீழவைப்பார் தாண்டி ஓர் உடைமரத்தடியில் அக்கா வண்டியை நிறுத்தினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளாடுகள் வந்தன, காய்களைத் தின்றன, போயின. தொலைவில் ஒரு படகு நின்ற இடத்திலேயே நின்றது; அது கடலில் நிற்கிறதா வானத்தில் நிற்கிறதா என்று இசக்கிக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்து, பாதியிலேயே இருவருக்கும் கண் சொக்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் என்ன பார்த்தாய் என்று என் கணவர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் எரிந்து விழவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

பிறகு சிரில் அண்ணாச்சி கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தார். வாழ்நாளில் பாதியைக் கப்பலின் இன்ஜின் ரூமில் கழித்தவர். நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. பீச் ரோட்டுப் பக்கத்து வீட்டில், கடலைப் பார்த்த ஜன்னலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார். தூக்கம் என்பதே இல்லை. ஃபிரிட்ஜின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து குசினிக்குப் போய் அதன்மேல் கை வைத்துப் பார்ப்பார். தண்ணீர் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பார். திரும்ப வந்து உட்காருவார். அக்கா என்னிடம் மட்டும் சொன்னார்: "கப்பல்ல இருந்து எறங்கிட்டாரு. வீட்டுக்கு இன்னும் வந்து சேரலளா. ஆளு நாளுக்கு நாள் கரையுதாரு." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

அதன்பின் சனிக்கிழமைத் தேர்வுகளெல்லாம் அண்ணாச்சிக்காகவே நடந்தன. எப்படியாவது அவரை வண்டியில் ஏற்றி, எங்காவது ஓரிடத்தில் அவர் முகம் தெளிவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. கடலோரக் குடும்பத்தில் பிறந்த அக்காவுக்கு வேறு என்ன தோன்றும்? கடலைவிட்டு வந்தவருக்குக் கடல் ஏக்கம் என்று முடிவு கட்டிவிட்டார். நாங்களும் ஆமாம் போட்டோம். வேம்பார் போனோம். மணப்பாட்டுக் குன்றின்மேல் ஏறினோம். எங்கே போனாலும் கடல் கண்ணில் பட்டதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார், இறங்க மாட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்," என்பார். களவு போகிற வண்டியா அது? அக்கா தனியே மணலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வருவார்.

மறுபடியும் மணப்பாட்டுக்குப் புறப்பட்ட ஒருநாள், திருச்செந்தூருக்கு நடந்து போகிற பச்சை வேட்டிக்காரர்கள் ரோட்டை நிறைத்துவிட்டார்கள். முக்காணியில் வண்டி நின்றேவிட்டது. "யக்கா, ஏரல் ரோட்டுல திருப்புங்க, ஆத்தங்கரையோடயே போயி வேற வழியில ஏறிக்கிடலாம்," என்றான் இசக்கி. என் ஊர்ப் பக்கம். சோலி என்று சொல்லி அக்கா அதுவரை வரவே மறுத்த பக்கம். வேறு வழியில்லாமல் திரும்பினார். கொஞ்ச தூரத்தில் வாழைத் தோப்புகள் விலகி, இருபுறமும் நெல் வயல் வந்தது. கதிர் பிடிக்கிற பருவம். காற்று அடிக்க, பச்சை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. அண்ணாச்சி, "மெட்டில், நிறுத்து," என்றார்.

இறங்கி, செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, வரப்பின்மேல் நடந்தார். வாய்க்காலோரம் ஒரு மருத மரம் நின்றது. அதனடியில் உட்கார்ந்தார், பிறகு துண்டை விரித்துப் படுத்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தூங்கியிருந்தார். வாய்க்கால் தண்ணீர் போவதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. மர நிழல் அவர்மேல் வந்து, கடந்து, மறுபக்கம் போனது. நானும் இசக்கியும் குரலைத் தாழ்த்தி என்னவோ பேசினோம்; அந்தப் பேச்சு எனக்கு நினைவில்லை. வெயில் மஞ்சளாகி, கொக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. "யக்கா, விளக்கு வைக்கிற நேரமாயிரும்," என்று நான்தான் நினைவூட்டினேன். அக்கா முந்தானையால் அவர் முகத்தில் ஈ உட்காராமல் வீசிக்கொண்டிருந்தார். "சும்மா கெடளா," என்றார். "தூங்குதாரு பாரு. எவன் வீட்டு விளக்கு அவன் வச்சுக்கிடட்டும்."

இருட்டிய பிறகுதான் அண்ணாச்சி விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "இங்கன ஒண்ணுமே ஓடலையே," என்றார் மெல்ல. பிறகு அக்காவிடம் சொன்னார்: "கடல் தெரிஞ்சா நான் டூட்டில இருக்கேன்னே தோணுது மெட்டில். இன்ஜின் எங்கயோ ஓடுது, நான் கேட்டுக்கிட்டே இருக்கணும். இங்கன கேக்கதுக்கு ஒண்ணுமில்ல." அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவி மனுசா, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? கடல் கடல்னு உங்கள இழுத்துக்கிட்டு அலைஞ்சேனே," என்று சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். மறுநாளே நாற்காலியைத் தெருப் பக்க ஜன்னலுக்கு மாற்றினார். அதிலிருந்து எங்கள் பயணங்கள் எல்லாம் மேற்கே திரும்பின. கரிசல் காடு, குளத்துக் கரை, பனங்கூட்டம், ஆடு மேய்கிற தரிசு. அண்ணாச்சி முதலில் தூங்கினார், பிறகு சாப்பிட்டார், பிறகு இசக்கியைக் கேலி செய்யவும் ஆரம்பித்தார். சுற்றுவட்டாரத்தில் அவர் தூங்காத மரத்தடி கிடையாது என்று அக்கா பெருமையடித்துக்கொள்வார்.

அப்படியிருக்கும்போதுதான் அக்கா போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது நான் அக்காவை நினைத்து அழுததைவிட, அண்ணாச்சியைப் பார்த்துப் பயந்ததே அதிகம். எங்கோ ஓடும் இன்ஜினுக்குக் காது கொடுப்பவர் போல அவர் நின்றார். அந்தப் பழைய நிமிர்ந்த முதுகோடு. முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது நாற்காலி மறுபடியும் கடல் ஜன்னலுக்கு வந்திருந்தது. அக்கா இத்தனை ஞாயிறுகள் சுற்றிச் சுற்றி மீட்ட மனிதர் கைநழுவிப் போகிறார் என்று தெரிந்தது. என்னால் அதைச் சகிக்க முடியவில்லை. "அண்ணாச்சி, வர்ற ஞாயித்துக்கெழம ஓட்டப்பிடாரம் பக்கம் போறோம். எனக்கும் இசக்கிக்கும் ஓட்டத் தெரியாது. நீங்கதான் வரணும்," என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். அவருக்கு ஓட்டத் தெரியும். அக்கா இருந்தவரை சாவியைத் தொட்டதில்லை. மறுத்து என்னவோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை அந்த வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அக்கா குள்ளம். ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்கார்ந்துதான் ஓட்டுவார். அண்ணாச்சி அந்த சீட்டிலேயே, முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, மடங்கி உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, கீழ கம்பி இருக்கு, சீட்டப் பின்னால தள்ளுங்க," என்றான் இசக்கி. "இருக்கட்டும்," என்றார். ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் இடித்தது. கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. நிறுத்தினோம், ஒரு வேப்ப மரத்தடியில் வெறுமே இருந்தோம். அவர் தூங்கவில்லை, படுக்கவுமில்லை. திரும்பும்போது மேகங்கள் ரோட்டுக்குக் குறுக்கே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன.

மில்லர்புரத்தில் நான் இறங்கி, கதவைச் சாத்தினேன். வண்டி கிளம்பவில்லை. அண்ணாச்சி குனிந்து, சீட்டுக்கு அடியில் தேடி, கம்பியைப் பிடித்து, காலை ஊன்றித் தள்ளினார். கரகரவென்று சீட்டு பின்னால் போய் நின்றது. கால்களை நீட்டிப் பார்த்துக்கொண்டார். "இனி நான்தானம்மா ஓட்டணும்," என்றார்.

அக்கா விட்டுச்சென்றதில் என் பங்கு, சீட்டு நகர்ந்த அந்தச் சத்தம்தான்.