லாஷாவின் மாமா

அருள்முருகனைக் கால்பந்து கிளப்பின் மேலாளர் என்று ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பிவிடாதீர்கள். பனியன்களை வெளுக்கப் போடுவது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, ஐஸ் வாங்கி வருவது, நடுவரின் காலில் விழாத குறையாகச் சமாதானம் பேசுவது எல்லாம் அந்த ஒரே ஆள்தான். முதலியார்பேட்டைக்காரர், மில் தொழிலாளியின் மகன், ஒரு காலத்தில் நல்ல கோல்கீப்பர். மணிக்கட்டு உடைந்த பிறகு கம்பங்களுக்கு நடுவே நிற்பது போய், கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது வந்தது. ஐம்பதை நெருங்கியும் கத்தல் மட்டும் குறையவில்லை.

அவர் வயிற்றெரிச்சலை அதிகம் கொட்டுவது லீவு கேட்கும் பையன்களிடம். மேட்ச் வருகிறதென்றால் போதும், ஒவ்வொருத்தன் வீட்டிலும் சாவு விழ ஆரம்பித்துவிடும். அப்பா அம்மாவைச் சாகடிக்க யாருக்கும் மனசு வராதல்லவா? அதனால் மாமாவைச் சாகடிப்பார்கள். காலாப்பட்டிலிருந்து வரும் விஜய்க்கு ஒரே சீசனில் மூன்று மாமா போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவது மாமா செத்த மறுநாள் நேரு வீதியில் எதிரே வந்து, "இன்னா அருளு, சௌக்கியமா?" என்று இவரையே கேட்டார்.

அன்றைக்கு அருள்முருகன் ஒரு சட்டம் போட்டார். "இனிமே எவனாவது மாமான்னு வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான். மாமாவுக்கு லீவு கெடையாது."

இந்த நேரத்தில்தான் ஜார்ஜியா நாட்டிலிருந்து லாஷா வந்து சேர்ந்தான். ஆறடிக்கு மேல் உயரம், முப்பத்தொரு வயது, கோல் போடுகிற ஆள். ஜெஸ்டபோனி என்ற ஊரில் பிறந்து, லிதுவேனியாவில் இரண்டு வருஷம், மால்டாவில் ஒரு வருஷம் ஆடி, ஓமனில் முழங்காலை அறுத்துத் தைத்துக்கொண்டு, படிப்படியாக இறங்கி நம்ம புதுச்சேரிக்கு வந்தவன். கிளப்பு அவனை அருள்முருகன் வீட்டு மாடி அறையில் தங்க வைத்தது. அதாவது, அவர் தலையில் கட்டியது.

ஐயோ, அந்த மனுஷன் பட்ட பாடு! லாஷா சோற்றைத் தொடமாட்டான். காலையில் ஆறு முட்டை, நீட்டு ரொட்டி இரண்டு. கடைக்கு அனுப்பினால் ஆட்டோக்காரன் வெள்ளைக்காரனைக் கண்ட சந்தோஷத்தில், அவன் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஆரோவில்லில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். அங்கிருந்து போன் வரும்: "அண்ணா, நான் தப்பு ஊர்." அருள்முருகன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார், வழி முழுக்கத் திட்டிக்கொண்டே.

ஒன்றரை வருஷத்தில் லாஷா உடைந்த தமிழ் கொஞ்சம் கற்றுக்கொண்டான். தினமும் சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து போனில் பேசுவான். 'மாமா, மாமா' என்று வார்த்தைக்கு வார்த்தை விழும். மாமன் மேல் இவ்வளவு பாசமா என்று அருள்முருகனின் மனைவி பூர்ணிமா ஆச்சரியப்படுவாள். "மாமாவுக்குப் பொண்ணு கிண்ணு இருக்கும்" என்பார் இவர். அவன் பங்குக்கு அவனும் ஒன்று நினைத்துக்கொண்டிருந்தான். தெருப் பிள்ளைகள் அத்தனையும் அருள்முருகனை மாமா என்று கூப்பிடுவதைப் பார்த்து ஒருநாள், "அண்ணா, பன்னெண்டு பிள்ளை! நீ பெரிய ஆள்" என்று முதுகில் தட்டினான். கிண்டல் பண்ணுகிறான் என்று இவர் முறைத்துவிட்டுப் போய்விட்டார். நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

போன வருஷம் மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம். செவ்வாய்க்கிழமை காலை பயிற்சி முடிந்ததும் லாஷா வந்து நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணா, மாமா. ஹார்ட். ஆஸ்பத்திரி. நான் ஊர் போகணும்."

அருள்முருகனுக்குச் சுர்ரென்று ஏறியது. அடப்பாவி, உள்ளூர்க்காரன் வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா! "ஞாயித்துக்கிழம ஆடிட்டுப் போ. கிளப்பு வுடாது" என்றார். கிளப்பு செயலாளர் கோவிந்தசாமியிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சட்டம்தான் போட்டாகிவிட்டதே.

புதன்கிழமை மறுபடியும் கேட்டான். வியாழக்கிழமை கேட்கவில்லை, பந்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை ரொட்டி கொடுக்க மாடிக்குப் போன பூர்ணிமாவிடம் லாஷா போனை நீட்டினான். மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் ஒரு பெரியவர். அதே நீள மூக்கு, அதே புருவம்.

"மாமா" என்றான்.

"உங்கம்மாகூடப் பொறந்தவரா?"

"இல்ல, இல்ல. அம்மா ஹஸ்பெண்ட்."

பூர்ணிமா ரொட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடி வந்தாள். அருள்முருகன் குளியலறையில் இருந்தார். கதவைத் தட்டிய தட்டில் தாழ்ப்பாள் ஆடியது.

"யோவ்! அது அவன் அப்பன்யா! அவங்க பாஷைல மாமான்னா அப்பன்யா!"

அருள்முருகன் ஈர வேட்டியோடு வெளியே வந்து விரல் மடக்கி எண்ணினார். மூன்று நாள். மூன்று நாளாகப் பெற்ற தகப்பனுக்கு லீவு இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

நேரே கோவிந்தசாமி வீட்டுக்கு ஓடினார். அந்த ஆளாவது முடியாது என்று மல்லுக்கு நின்றிருந்தால் இவருக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். அவரோ, "அப்பாவுக்கா? மேட்ச் கெடக்குது, உடனே அனுப்புடா! எப்ப சொன்னான்?" என்றார்.

"இப்பதான்" என்றார் அருள்முருகன்.

அலுவலகப் பீரோவில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்து, டிக்கெட் போட்டு, பகல் பன்னிரண்டுக்கெல்லாம் காரில் ஏற்றியாயிற்று. காலாப்பட்டு தாண்டிச் சென்னை போகும்வரை லாஷா அவர் கையை விடவில்லை. "அண்ணா, நீ கிளப்புகூட சண்டை போட்டே. எனக்காக" என்றான். இல்லடா என்று சொல்ல வாயைத் திறந்தார். முன்னால் ஒரு லாரி குறுக்கே வந்தது. லாரிக்காரனைத் திட்டினார்.

லாஷா இஸ்தான்புல்லில் விமானம் மாறக் காத்திருந்தபோது அவன் அப்பா இறந்துபோனார்.

சரி, கோபத்தில் நாலு வார்த்தை கேட்பான், வாங்கிக்கொண்டு அழுது தீர்த்துவிடலாம் என்று அருள்முருகன் இருந்தார். அவன் கேட்டால்தானே! அடக்கம் முடிந்ததும் போட்டோ அனுப்பினான். பந்தி போட்ட மேசை, எல்லார் கையிலும் ஒயின். அவர்கள் ஊர் வழக்கப்படி செத்தவருக்காகக் குடித்த கையோடு, மகனை அனுப்பி வைத்த அருளுக்காகவும் குடித்தார்களாம்.

"எம் பேரச் சொல்லிக் குடிக்கிறாங்களாம்டி" என்று பூர்ணிமாவிடம் போனை வீசினார். "இவன் மனுஷனா? ஏன்டா படுபாவின்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கிறானே!"

அதோடும் விட்டானா? மறுபடி மால்டாவுக்கு ஆடப் போனான். அங்கிருந்து ஞாயிறு தவறாமல் போன். கூட ஆடுகிறவர்களிடம் போனைக் கொடுத்து, "இது என் புதுச்சேரி அண்ணா" என்பான். ஞாயிறு வந்தாலே அருள்முருகனுக்குச் சோறு இறங்காது. எடுக்காமல் விட்டால் திங்கள் கூப்பிடுவான். நன்றி சொல்லிச் சொல்லியே ஒரு மனுஷனைச் சாகடிக்க முடியுமா? முடியும் போலிருக்கிறது.

இந்த மார்ச்சில் அப்பாவின் முதல் வருஷத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். வீடியோவில் வந்தான். பின்னால் பெரிய மேசை, நிறைய சொந்தக்காரர்கள். கறுப்பு உடையில் அவன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்து மெதுவாக என்னவோ பேசினாள்.

லாஷா தமிழில் சொன்னான். "அண்ணா, அம்மா சொல்றாங்க. மூணு நாள் மாமா கதவையே பாத்தாரு. கிளப்பு விடலன்னு அம்மா சொன்னாங்க. யாராவது ஒரு நல்லவன் விடுவான்னு மாமா சொன்னாரு. அது நீ."

அருள்முருகனால் அதற்கு மேல் முடியவில்லை.

"லாஷா, நிறுத்து. கிளப்பு உடனே உட்டுச்சி. நான்தான் சொல்லவேயில்ல. எங்க ஊர்ல மாமான்னா அம்மாகூடப் பொறந்தவரு. நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன். அந்த மூணு நாளும் நான்தான்டா."

லாஷா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். புரியவில்லையோ என்று அருள்முருகன் மறுபடி சொல்ல ஆரம்பித்தார். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். புரிந்துவிட்டது.

அம்மா அவன் தோளைத் தொட்டு என்ன என்று கேட்டாள். மேசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். லாஷா அவர்கள் பாஷையில் இரண்டே வார்த்தை சொன்னான். அவள் முகம் மலர்ந்தது. டம்ளரை அருள்முருகனுக்கு நேரே உயர்த்திக் காட்டி ஒரு மிடறு குடித்தாள்.

திரை அணைந்தது.

"இன்னா சொன்னான் அவங்கம்மாகிட்ட?" என்றாள் பூர்ணிமா.

"தெரில. ஆனா நான் சொன்னத சொல்லல."

"சொல்லித் தொலையணுமா இத? கம்முனு இருந்திருந்தா இன்னாய்யா?"

அடுத்த ஞாயிறு அருள்முருகன் மேட்சுக்குக்கூடப் போகாமல் போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாஷா கூப்பிடவில்லை.