மடங்கிய முன்னங்கால்

எங்கள் ஆடு கருப்பி முதல் ஈற்றுக்குப் படுத்த சனிக்கிழமை, அம்மா நாகர்கோவிலுக்கு பேங்க் வேலையாகப் போயிருந்தாள். அப்பா மஸ்கட்டில். இராஜாக்கமங்கலத்து வீட்டில் நானும் அத்தையும்தான். எனக்குப் பத்து வயது.

அத்தை அப்பாவின் தங்கை. இரண்டு மாதத்துக்கு முன் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவள், குழந்தை இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை இறந்தே பிறந்தது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. அதனால் அவளோடு பேச எனக்கு வேறு எதுவுமே இல்லாமல் போயிற்று.

காலையிலிருந்தே ஆடு படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பதினோரு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் சேர்ந்து வரும் என்று அம்மா சொல்லியிருந்தாள். வந்தது ஒரு குளம்பும் மூக்கும் மட்டும். அரை மணி நேரமாகியும் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஆடு முக்கி முக்கிக் கத்தியது. வெளியே தெரிந்த சின்ன நாக்கு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது.

அதுவரை அடுக்களையை விட்டு வராத அத்தை வந்து பார்த்தாள். உடனே மாட்டாஸ்பத்திரி டாக்டருக்கு போன் செய்தாள். அவர் அஞ்சுகிராமத்தில் ஒரு பசுவோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

"நான் வர்றது வரைக்கும் குட்டி தாங்காதும்மா. ஒரு கால் உள்ள மடங்கிக் கெடக்கு. ஸ்பீக்கர்ல போட்டுட்டு, கைய சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் தடவுங்க."

அத்தை வளையல்களைக் கழற்றிவிட்டு முயன்றாள். விரல்களுக்குமேல் கை போகவில்லை. கையை எடுத்துவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"மக்கா, நகம் வெட்டியிருக்கியா?"

பள்ளிக்கூடத்தில் வெள்ளிதோறும் நகம் பார்ப்பார்கள். வெட்டியிருந்தேன். அதற்காக வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

உள்ளே அப்படிச் சூடாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆடு முக்கியபோது என் விரல்களே ஒடிந்துவிடும் போலிருந்தது.

"முக்கும்போது அசையாத. விட்டதும் தலைய பைய உள்ள தள்ளு. கழுத்தோட கீழ போனா முட்டு கிடைக்கும்" என்றார் டாக்டர்.

"கிடைச்சிட்டு."

"குளம்ப உள்ளங்கையில மூடிப் பிடிச்சு முன்னால கொண்டு வா. குளம்பு குத்துனா ஆட்டுக்க கர்ப்பப்பை கிழிஞ்சிரும்."

எனக்கு அழுகை வந்தது. "ஏட்டி, நான் இருக்கேன்லா" என்றாள் அத்தை. இரண்டு முறை குளம்பு வழுக்கியது. மூன்றாவது முறை என் கைக்குள் அடங்கி வந்தது. அத்தை இரண்டு கால்களையும் பிடித்து, ஆடு முக்கும்போதெல்லாம் கீழ்நோக்கி இழுத்தாள். துவண்டு விழுந்த குட்டியின் மூக்கைத் துடைத்துச் சாக்கால் தேய்த்தோம். தும்மியது.

பத்து நிமிடத்தில் இரண்டாவது குட்டி வந்தது. இரண்டு கால், மேலே மூக்கு, ஒரு சிக்கலும் இல்லை. மூச்சும் இல்லை. அத்தை அதைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். "போதும்மா" என்று டாக்டர் சொல்லியும் நிறுத்தவில்லை.

பிறகு போனை எடுத்துக் கேட்டாள். "ஆட்டுக்க பேர்ல ஏதாவது தப்பு உண்டா சார்? ஓடிச் சாடினதினாலயா? தின்னது எதுவும் ஒத்துக்கிடலியா?"

"ஆடு ஒரு தப்பும் செய்யலம்மா. சிலது இப்படி ஆயிரும். ஏன்னு எங்களுக்கே தெரியாது."

அத்தை அதையே திரும்பக் கேட்டாள். அப்புறம் இன்னொரு முறை. டாக்டரும் அலுக்காமல் அதே பதிலைச் சொன்னார். சிக்னல் சரியில்லை போல என்று நினைத்தேன்.

பிறகுதான், அம்மா திட்டுவாள் என்று பயப்படுகிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

"அத்தை, நீங்க ஒரு தப்பும் செய்யல. அம்மைகிட்ட நான் சொல்லுதேன்" என்றேன்.

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். என் கையெல்லாம் எண்ணெயும் ரத்தமும். நைட்டியில் கறை பட்டதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, மேலே படாமல் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.